நூலகத்துக்கு மங்கா வாங்குங்கள், முழுத் தொடராக வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும், அம்பாசமுத்திரம், வள்ளியூர் போன்ற ஊர்களின் நூலகங்களிலும் ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவுக்குத் தனித் தட்டு வேண்டும். ‘பொம்மைப் புத்தகத்துக்கு நூலக வரிப் பணமா?’ என்று கேட்பவர்கள், மேலைநாடுகள் இதே கேள்வியைக் கடந்து வந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

1988-இல் கட்சுஹிரோ ஒடோமோவின் ‘அகிரா’ அமெரிக்காவில் வந்தபோது, கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு வண்ணம் பூசினார்கள். வலமிருந்து இடமாக ஓடும் பக்கங்களை இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். அக்காலத்தில் பல மங்காக்களுக்கு இதுதான் நடந்தது. பக்கத்தை இப்படி இடவலமாகத் திருப்பினால் வாள்வீரர் எல்லாரும் இடக்கையர் ஆகிவிடுவார்கள். கிமோனோவில் உடுத்தியவரின் இடப்பக்க மடிப்புதான் மேலே வரும். வலப்பக்கத்தை மேலே போடுவது பிணத்துக்கு. திருப்பிய பக்கங்களில் கல்யாண வீட்டார்கூட அந்தக் கோலத்தில் நிற்பார்கள். 2002-இல் டோக்கியோபாப் என்ற அமெரிக்கப் பதிப்பு நிறுவனம் பக்கங்களைத் திருப்பாமல், கைக்கடக்கமான ஒரே அளவில், பொதுப் புத்தகக் கடைகளில் விற்கத் தொடங்கியது. காமிக்ஸ் கடைப் பக்கமே போகாத பெண்பிள்ளைகளும் வாங்கினார்கள். மூலத்தை மூலமாகவே கொடுத்த பிறகுதான் மங்கா அங்கே வேரூன்றியது.

மரியாதையும் பின்னாலேயே வந்தது. பிரான்சின் அங்குலேம் சித்திரக்கதை விழாவில் 2007-இல் ஷிகெரு மிசுகியின் நூல் சிறந்த சித்திரக்கதை நூலாகத் தேர்வானது. 2015-இல் ஒடோமோவும் 2019-இல் ருமிகோ தகாஹாஷியும் பெரும்பரிசு பெற்றார்கள். அதே 2019-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மங்காவுக்கென்றே பெரிய கண்காட்சி நடத்தியது. நமக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறு: அமெரிக்க நூலகர் அமைப்பு ஒன்று 2007 முதல் ஆண்டுதோறும் பதின்வயதினருக்கான சித்திர நூல் பட்டியல் வெளியிடுகிறது, மங்காவும் அதில் இடம்பெறுகிறது. நூலகங்கள் வாங்கியதால்தான் கையில் காசில்லாத பிள்ளைக்கும் அது எட்டியது.

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகள் புதியவை அல்ல. ஷின்சானும் டோரேமானும் தொலைக்காட்சியில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழிலேயே திரையரங்குக்கு வந்தது. கதையின் முடிவைச் சொல்லும் மூன்று படங்களில் அது முதலாவது. கதை பாதியில் நிற்கிறது. மீதிக் கதையும் அடங்கிய மூல மங்காவோ 23 தொகுதிகளாக 2020-லேயே ஜப்பானில் முடிந்துவிட்டது. இப்போது இங்கே கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலப் பதிப்புகளே. அதிலும் நன்மை உண்டு: சின்னச் சின்ன வாக்கியம், பக்கத்திலேயே படம். ஆங்கிலப் பாடநூலைக் கண்டு மிரளும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கூட இதை விடாமல் வாசிப்பார்.

ஆனால் வாங்கும் முறை தெரியாமல் வாங்கினால் பணம் வீண். பெயர் பெற்ற தொடர்களில் முதல் மூன்று தொகுதியை மட்டும் வாங்கிப் பத்துத் தலைப்பு சேர்ப்பதுதான் பெரிய தவறு. ‘ஒன் பீஸ்’ நூறு தொகுதியைத் தாண்டியது, ‘நருட்டோ’ 72. நடுவில் ஒரு தொகுதி இல்லையென்றால் அதற்குப் பின்னால் உள்ளவை தூங்கும். முதலில் குட்டித் தொடர்களை முழுமையாக வாங்குங்கள். ஹிரோஷிமா அணுகுண்டைச் சொல்லும் ‘பேர்ஃபுட் ஜென்’ 10 தொகுதி. காது கேளாத சிறுமியை வகுப்பே துன்புறுத்துவதையும், அதற்கு ஒருவன் பின்னாளில் ஈடுசெய்ய முயல்வதையும் சொல்லும் ‘எ சைலன்ட் வாய்ஸ்’ 7 தொகுதி. நூறாண்டு கடந்த காது கேளாதோர் பள்ளி இருக்கும் பாளையங்கோட்டையில் அது இல்லாமல் இருக்கக் கூடாது. நூலகத்துக்கு நூல்கொடை தர நினைக்கும் புரவலர்கள் ஒரு முழுத் தொடரை அப்படியே தரலாம்.

மலிவு விலைக்கு மயங்க வேண்டாம். திருட்டுப் பதிப்புகள் நிறைய உலவுகின்றன. மங்காவில் சாம்பல் நிறமாகத் தெரிவது உண்மையில் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள். அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடும்போது அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி அலை அலையான கோடுகள் விழும். முகத்தின் நிழலிலும் வானத்திலும் பாருங்கள், கோடு தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வயதுக் குறியைப் பார்க்காமல் தட்டில் வைக்கக் கூடாது. ஆங்கிலத்தில் மங்கா வெளியிடும் விஸ் நிறுவன நூல்களின் பின்னட்டையில் ‘டி’ என்றால் 13 வயதுக்கு மேல், ‘டி பிளஸ்’ 16-க்கு மேல், ‘எம்’ 18-க்கு மேல். ‘ஏ’ என்றால் எல்லா வயதினருக்கும். நம் சினிமாச் சான்றிதழுக்கு நேர் எதிர். கார்ட்டூன் முகத்தை நம்பியும் வாங்க வேண்டாம். டோரேமான் 1969-இல் சிறுவர் இதழ்களில் பிறந்தது. ஷின்சான் 1990-இல் பெரியவர்களுக்கான இதழில் தொடங்கியது.

பராமரிப்பில்தான் அதிக சேதம் நடக்கிறது. இவை பசை ஒட்டிய மெல்லட்டைப் புத்தகங்கள். நெல்லை வெயிலில் பசை காய்ந்து முதுகு விரியும். உடனே பைண்டிங்குக்கு அனுப்பி, ஓரத்தில் துளையிட்டுத் தைத்து, மூன்று பக்கமும் வெட்டிவிட்டால் நூல் போயிற்று. ஏனென்றால் படமும் வசனக் குமிழும் மடிப்பின் உள்விளிம்பு வரை போகும். தையல் அரை அங்குலத்தைத் தின்றால் பாதி வசனம் மறையும். பிரிந்த முதுகில் வெள்ளைப் பசை தடவி, கனம் வைத்து ஓர் இரவு காயவிட்டாலே போதும். புதிதாக வந்ததுமே பிளாஸ்டிக் உறை போட்டு, இரு முனையிலிருந்தும் சில பக்கங்களாக மெல்ல விரித்து அழுத்திவிட்டால் ஆயுள் கூடும். தாள் மெல்லியது, முத்திரை மை மறுபக்கப் படத்தில் ஊறும்; தலைப்புப் பக்கத்தில் மட்டும் குத்துங்கள். நம் வழக்கப்படி திறந்தால் கண்ணில் படுவது கதையின் கடைசிப் பக்கம். பல பதிப்புகளில் ‘வலமிருந்து வாசிக்கவும்’ என்ற குறிப்பு அங்கேதான் இருக்கும், அதன் மேல் தேதிச்சீட்டை ஒட்டிவிடக் கூடாது. முதுகுச் சீட்டு தொகுதி எண்ணை மறைத்தாலும் வரிசை குலையும். நூல்களை வகைப்படுத்தும் டூயி பகுப்பில் சித்திரக்கதைக்கு உரிய 741.5 என்ற எண்ணை எழுதி, அதன் கீழே தொகுதி எண்ணையும் எழுதுங்கள்.

தமிழில் மங்கா கொண்டுவர நினைக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 1972-லேயே முத்து காமிக்ஸைத் தந்த சிவகாசி பக்கத்தில் இருக்கிறது, அச்சுத்திறனுக்குக் குறைவில்லை. சிக்கல் குமிழில். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே போவதால் குமிழ்கள் ஒடுங்கி உயரமாக இருக்கும். தமிழ்ச் சொற்களோ நீளமானவை. எழுத்தைச் சிறிதாக்கித் திணித்தால் வாசிக்க முடியாது. வசனத்தைக் குறைத்து, சேர்த்தெழுதிய சொற்களைப் பிரித்து, பேச்சுத் தமிழில் எழுதினால் பெரும்பாலும் அடங்கும். பக்கத்தை மட்டும் இடவலம் மாற்றிவிடாதீர்கள்.

ஒரு தொகுதியை ஒரு மணி நேரத்தில் வாசித்துவிடலாம் என்பதால், ஓர் உறுப்பினருக்கு மங்காவில் மட்டும் ஒரே தடவையில் மூன்று தொகுதிகள் தரலாம். முழுத் தொடரைப் பாளையங்கோட்டையில் வாங்கிவைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு நூலகம் என்று கட்டாக அனுப்பினால், ஊருக்கு ஊர் தனியாக வாங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை