பெயின்ட் அடிக்க முதல் ஷட்டர் ரப்பரைக் கழற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ட்ரிப் வேன்களைப் புதுசாக்கித் தருவதாகச் சொல்லும் போர்டுகள் கொழும்பில் இப்போது மூலைக்கு மூலை தொங்குகின்றன. கிராண்ட்பாஸ் பக்கம் கராஜ்களில் ஸ்ப்ரே கன் பிடித்தே பிள்ளைகளைப் படிப்பித்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: மூன்றே நாளில் முழு வேனையும் அடித்துத் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அது கறளுக்கு, அதாவது துருவுக்கு, மேல் பவுடர் போடுகிற வேலை.

சனம் பழைய வேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி வழி விட்டது 2025 பெப்ரவரியில். விட்டும் என்ன, வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே கையிலிருக்கிற டொல்பின் வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்து, சின்ன காஸ் குக்கர் ஒன்றும் தண்ணீர்த் தாங்கியும் வைத்து, கூரையில் கரியர் பூட்டிக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா, ஆடிவேல் காலத்தில் கதிர்காமம். சிலர் அறுகம்பைக்குப் போகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கும் கொடுக்கிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் வேனுக்கு உள்ளே மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவர்கள், வெளித் தகட்டை மட்டும் பெயின்ட்காரன் பாடு என்று விட்டுவிடுகிறார்கள்.

என் மருமகன் அண்மையில் இப்படித்தான் ஒரு எல்.எச். 113 டொயோட்டா வேன் வாங்கி வந்தார். பளபளவென்று இருந்தது. போதாதென்று, "மாமா, மேல வெள்ளை, கீழ பச்சை, ரெண்டு கலர்ல அடிச்சிடுவமா?" என்று கேட்டார். "அதுக்கு முதல் ஒரு காந்தம் கொண்டு வாங்க மகன்" என்றேன்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவில் வைத்தால் டக்கென்று ஒட்டியது. அப்படியே கீழே இழுத்துக்கொண்டு போய்ப் பின் சில்லுக்கு மேலே வளைவில் வைத்தபோது வழுக்கி விழுந்தது. ஒரு சாண் நீளத்துக்குத் தகடே இல்லை, பள்ளம் நிரப்பப் பூசுகிற பட்டிதான். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பெயர்த்தால், ஓட்டைக்குள் கடதாசியைக் கசக்கி அடைத்து அதன் மேல் பட்டி இழுத்திருக்கிறார்கள். அடைத்திருந்தது ஒரு தமிழ்ப் பத்திரிகை. உங்களுடையதா என்று பார்க்க முடியாத அளவுக்கு ஊறிப்போயிருந்தது. விற்றவர் அந்த வேலைக்குக் கொடுத்த காசின் ரசீதையும் பெருமையோடு கொடுத்திருந்தார். கராஜின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வேனில் கறள் தொடங்குவது நடுத் தகட்டில் அல்ல, தகடும் தகடும் சேர்கிற மடிப்பில். அந்த இடுக்கில் போன தண்ணீர் வெயிலுக்கும் காயாது. கூரையோரத்துத் தண்ணீர்க் கான், ஷட்டர் (யன்னல் கண்ணாடி) ரப்பருக்கு அடிப்பாகம், இழுவைக் கதவு ஓடுகிற தண்டவாளம், கதவின் அடி விளிம்பு: இவைதான் முதலில் போகும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் வைத்துத்தான் கம்பனியிலிருந்து வருகிறது. மண்ணும் சருகும் அதை அடைத்தால் ஒவ்வொரு மழைக்கும் கதவுக்குள் குளம் கட்டும். ஒரு குச்சியால் அதைக் குத்திவிடக் காசு செலவில்லை. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலோரமாக நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்று வேறு. அவர்கள் கிழமைக்கொரு முறையாவது அடிப்பாகத்துக்கும் நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும்.

மலிவு வேலைக்காரன் ஷட்டரைக் கழற்ற மாட்டான். ரப்பரைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடிப்பான். ரப்பருக்குக் கீழே கறள் அப்படியே இருக்கும். அடுத்த மழைக்காலம் முடிய, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். கண்ணாடியையும் ரப்பரையும் கழற்றி, கறளை வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, மேலோட்டமான கறள் என்றால் பொஸ்பரிக் அமிலம் கலந்த திரவம் பூசி, மிச்ச அமிலத்தைக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு எபொக்சி பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்து, அதற்கு மேல்தான் பட்டிக்கு இடம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் தகட்டில் நேரே இழுத்தால், உறிஞ்சிய ஈரத்தைத் தகட்டுக்கே கொடுக்கும். ஓட்டை விழுந்த இடத்துக்கு எந்தத் திரவமும் உதவாது. வெட்டி எறிந்துவிட்டு, தகட்டு வேலை செய்கிற டிங்கர் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணத்தான் வேண்டும். இன்னொன்று, கண்ணாடி ஓரத்தில் ஒழுகுகிறது என்று ஹார்ட்வெயார் கடையில் சிலிக்கன் டியூப் வாங்கிப் பிதுக்குகிறார்கள். வினாகிரி வாடை அடிக்கிற சிலிக்கன் காய்கிறபோது அமிலம் விடும். அது தகட்டைத் தின்னும். பிறகு அந்த இடத்தில் பெயின்டும் பிடிக்காது. வாகனத்துக்கென்று வருகிற பொலியூரத்தேன் சீலன்ட் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

இதையெல்லாம் வாசித்துப் பயப்பட வேண்டாம். கறள் இல்லாத பழைய வேன்களில் பாதிக்கு மேல் பெயின்டே தேவையில்லை என்பது என் கணிப்பு. பெயின்ட் அடித்துச் சாப்பிட்டவன் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். வேனைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மங்கிய ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் கொம்பவுண்ட் (தேய்த்து மினுக்குகிற பசை) தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வேனின் நிறம் துணியில் இறங்கி, தேய்த்த இடம் மினுங்கினால், மேல் தோல் மட்டும்தான் வெயிலில் செத்திருக்கிறது. பழைய பெயின்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கொம்பவுண்டும் பொலிஷும் வெக்ஸும் போதும். மெட்டாலிக் நிறங்களில் மேலே நிறமில்லாத கிளியர் கோட் இருக்கும், அதனால் துணியில் நிறம் வராது. அந்தக் கிளியர் செதில் செதிலாக உரிந்திருந்தால் எந்தப் பொலிஷும் அதை ஒட்டிக் கொடுக்காது. அந்தப் பகுதியைத் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

கூரையை உயர்த்திய வேன்களில் மேல்பாகம் ஃபைபர். தடவினால் கையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டும். அதையும் கொம்பவுண்ட் போட்டு மீட்கலாம், ஆனால் மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் மேல் படை தேய்ந்து நார் தெரிந்துவிடும்.

வேனைக் கிழவனாகக் காட்டுவது பல நேரம் ஹெட்லைட்தான். கண்ணாடி ஹெட்லைட் என்றால் கழுவினால் போதும். பிளாஸ்டிக் என்றால் மஞ்சளாகிப் போயிருக்கும். அதற்குப் பற்பசை தேய்க்கச் சொல்லி ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள். மினுங்கும்தான், சில கிழமைக்கு. வெயிலைத் தாங்குகிற மேல் பூச்சு போய்விட்டதால்தான் மஞ்சளாகிறது. அதைத் திரும்பப் போடாமல் தேய்த்து என்ன பயன்? 800, 1000, 1500, 2000 என்று வரவர நைசாகத் தண்ணீர் விட்டுச் சாண்ட் பேப்பர் பிடித்து, பொலிஷ் பண்ணி, கடைசியில் யூ.வி. தாங்குகிற கிளியர் அடிக்க வேண்டும். பழைய ஸ்டிக்கர் வரிகளை ஹெயார் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரியுங்கள். அடியில் நிறம் மங்காமல் வரி வரியாக அச்சு நிற்கும். கொம்பவுண்ட் போட்டும் போகாவிட்டால் அதே அளவில் புது ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவது மலிவு. கறுப்புப் பம்பர் வெளுத்திருந்தால் அதையும் கழற்றித் தனியாக அடிக்கலாம். இவ்வளவும் செய்தாலே பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன விலை என்று கேட்பார்.

முழுக்க அடித்தே ஆக வேண்டும் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் நல்ல காலம். மழை நாளில் என்.சி. பெயின்ட், அதாவது தின்னர் ஆவியாகிக் காய்கிற பழைய வகை, அடித்தால் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, மேலே வெள்ளை பூக்கும். ட்ரிப் ஏஜன்ட் வாசலில் நிற்கிறான், நாளைக்கே வேன் வேணும் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நின்றால், எந்தப் பெயின்ட் பாஸுக்கும் அதைத் தடுப்பது கஷ்டம். நிறத்தை மாற்றினால் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் திருத்த வேண்டும். பச்சை அடிக்க நின்ற மருமகன் இதைக் கேட்டதும் வெள்ளையே நல்லது என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுத என்னை உட்கார வைத்த விசயம். இப்போது எல்லாரும் 2கே பெயின்ட்தான், அதாவது அடிக்க முதல் ஹார்ட்னர் கலக்கிற வகைதான், கேட்கிறார்கள். நல்ல மினுக்கம், நிலைத்தும் நிற்கும். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே புகையாக உள்ளே போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். தின்னர் மாதிரி வாடையால் எச்சரிக்கவும் செய்யாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வருகிற மாஸ்க் போட்டு, புகை இழுக்கிற மூடிய அறையில்தான் அடிக்க வேண்டும். ஆமர் வீதியை அண்டிய ஒழுங்கைகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த வயதுப் பெடியன்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதைப் போய்ப் பாருங்கள். மேலே சேலை காயப் போட்டிருக்கும், வாசலில் குழந்தை விளையாடும். மூன்று நாள் வேலை மலிவாவது இப்படித்தான். கராஜுக்கு வியாபார அனுமதி கொடுக்கிற மாநகர சபை, ஸ்ப்ரே அறையும் காற்று மாஸ்கும் இல்லாத இடத்தில் 2கே அடிக்க விடக்கூடாது. வேன்காரர்களும் விலை பேச முதல் அந்த மாஸ்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயின்ட் பாஸ் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13