ஒரே மாதிரி விளையிற செடிக் குடும்பத்தத் தெரிஞ்செடுத்துட்டு உருளைக்கிழங்கு விதையக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழங்கு நடாம, செடி பூத்துக் காய்க்கிற காய்ல எடுக்கிற விதை போட்டே உருளைக்கிழங்கு செய்யலாம் எண்டு இப்ப நிறையப்பேர் கதைக்கிறாங்க. நல்ல விசயம்தான், ஒரு ஹெக்டேயருக்கு 2 தொன்னுக்கு மேல விதைக்கிழங்கு வாங்கிற இடத்துல 100 கிராம் அளவு விதை போதும், கிழங்கோட வாற வைரஸ்ல முக்காவாசி விதையில வராது, லொறிக்கூலியும் மிச்சம்.

ஆனா ஒரே காய்ல எடுத்த விதைய நட்டுக் கிண்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும், ஒரு செடியில சிவப்புத்தோல், கண்ணெல்லாம் ஆழமா இரிக்கும், பக்கத்துச் செடியில பாக்களவு வெள்ளைக்கிழங்கு, அதுக்கடுத்தது இன்னும் பச்சையா நிண்டு வேர்தான் ஓடிக் கிடக்கும். உருளைக்கிழங்குக்கு நிறமூர்த்தம், அதாவது பரம்பரைக் குணத்தக் கொண்டு வாற இழை, நாலு செற், தாய்ல ரெண்டும் தகப்பன்ல ரெண்டும் கலந்து வாறதால பிள்ளைகள் இப்படிப் பிரியுது. இத எந்த யாவாரி ஒரே விலைக்கு எடுப்பான்?

அதால நல்லாக் காய்ச்ச ஒத்தச் செடியப் பாத்து ஏமாறக்கூடாது. அதக் கிழங்காப் பெருக்கினா திரும்ப விதைக்கிழங்குச் செலவும் வைரசும்தான் வரும். தெரிஞ்செடுக்க வேண்டியது குடும்பத்த, அதாவது எந்தத் தாயையும் தகப்பனையும் சேத்தா பிள்ளைகள் தோல், வடிவம், முத்துற நாள் மூண்டுலயும் கிட்டக்கிட்ட நிக்குது எண்டத. ஒவ்வொரு சோடியிலயும் நூறு நாத்தாவது பக்கத்துல பக்கத்துல நட்டு எல்லாத்தையும் கிண்டிப் பாக்கணும், நல்லத மட்டும் போட்டோ எடுத்துட்டுப் போறது வேலையில்ல. வெளிநாட்டில இப்ப ரெண்டு செற் உள்ள செடிகளத் தனக்குள்ளயே பல தலைமுறை மகரந்தம் சேத்து, பிறகு அப்படி வந்த ரெண்டு பரம்பரை வரிசையக் கலந்து ஒரே மாதிரி விதை எடுக்கிறாங்க. முந்தி அந்தச் செடிகள் தன்ர மகரந்தத்தத் தானே ஏக்காது, காட்டு இனத்துல இருந்து வந்த ஒரு மரபணுவாலதான் அது சரியாச்சு.

எங்கட மட்டக்களப்புக்கு இன்னொண்டும் இரிக்கு. இரவுச்சூடு 20 பாகைக்கு மேல போனா கிழங்கு இறங்கிறது குறையும், மார்கழி தையிலயும் இங்க அந்தளவுக்குக் குளிராது. மலைநாட்டு வெலிமடையில நல்லா வந்த குடும்பம் எங்கட களுதாவளை மணல்லயும் வரும் எண்டு சொல்ல ஏலாது. கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடமும் விவசாயத் திணைக்களமும் சேந்து மாரியில இங்கயே நட்டுப் பாத்து, எந்தக் குடும்பம் எவ்வளவு கலப்பா வந்திச்சு எண்டத பேப்பர்ல போடுங்க. அதுவரைக்கும் விதைப் பக்கெட்டுல தாய் தகப்பன் பேரையாவது அச்சடிக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
களுவாஞ்சிகுடி.