வில்லியம் என்று பெயர் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில், இங்கிலாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளை வைத்து வம்சாவளி தேடுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படிப்பவருக்கு ஆசை வரும்படி எழுதியிருந்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணினியில் பெயரைத் தட்டினால் போதும், 1538 வரைக்கும் பாட்டன், பூட்டன் எல்லாரும் வரிசையாக வந்து நிற்பார்கள் என்கிற மாதிரி முடித்திருந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதையே நம்பி, இரண்டு வயதில் இறந்துபோன ஒரு குழந்தையை என் பேரனுக்கு முப்பாட்டனுக்கு முப்பாட்டனாக ஆக்கி வைத்திருந்தவன் நான்.

என் மருமகள் ஆங்கிலேயப் பெண். அவள் அப்பா வழியில் எல்லாரும் நார்ஃபோக் பக்கத்துப் பண்ணைக் கூலிகள். பேரன் பிறந்ததும் அவனுக்காக ஒரு குடும்ப மரம் போடலாம் என்று நானும் அவளும் உட்கார்ந்தோம். 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் அரசாங்கமே பதிய ஆரம்பித்துவிட்டது, அதனால் அது வரைக்கும் பின்னால் போவது அவ்வளவு கஷ்டமில்லை. அதற்கும் முந்திப் போக வேண்டுமென்றால், அந்தந்தப் பங்குக் கோயிலில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதிதான் பங்கு) பாதிரியாரோ குமாஸ்தாவோ எழுதி வைத்ததுதான் கதி.

எங்களுக்குக் கிடைத்தது 1789-இல் நடந்த ஒரு திருமணம். 1754-க்குப் பிறகு திருமணத்துக்கென்று தனி ஏடு, மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாக வேண்டும் (அல்லது காசு கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும்), கீழே மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம். பெண் தன் பெயரைக் கோணல்மாணலாகவாவது தானே எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளை வில்லியத்துக்கு எழுத்து தெரியாது. குமாஸ்தா பெயரை எழுதி நடுவில் இடம் விட்டிருக்க, அங்கே ஒரு பெருக்கல் குறி, மை சிதறும் அளவுக்கு அழுத்திப் போட்டது. அதைத் திரையில் பெரிதாக்கி நானும் மருமகளும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கேட்காதீர்கள்.

அதில் இரண்டு பேருடைய அப்பா பெயரும் கிடையாது. அந்தக் காலத்துத் திருமண ஏட்டில் அப்பா பெயருக்கு இடமே இல்லை, 1837-க்கு அப்புறம்தான் அது வருகிறது. மாப்பிள்ளை ‘இந்தப் பங்கைச் சேர்ந்தவர்’, அவ்வளவுதான். அங்கே பிறந்தவர் என்று நாங்களாக அர்த்தம் பண்ணிக்கொண்டோம். கல்யாணத்தின்போது அங்கே குடியிருந்தாலே அப்படி எழுதிவிடுவார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அப்புறமென்ன, அதே ஊரில் 1765-இல் ஒரு வில்லியத்துக்கு ஞானஸ்நானம் நடந்ததாக இணையப் பட்டியலில் வந்து விழுந்தது. வயதும் இருபத்துநாலு, கனகச்சிதம். அவன் அப்பா ராபர்ட், ராபர்ட்டின் அப்பா, அவருக்கும் அப்பா என்று 1660-கள் வரை ஒரே மூச்சில் போய்விட்டோம். அச்சடித்துக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியும் ஆயிற்று.

இரண்டு மாதம் கழித்து வேறு யாரையோ தேடி அதே ஏட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். 1767, அடக்கம். ‘வில்லியம், ராபர்ட் - ஆன் தம்பதியின் மகன், குழந்தை.’ ஒரே வரி. நாங்கள் பார்த்த பட்டியலைத் தயாரித்தவர்கள் ஞானஸ்நானங்களை மட்டும் ஏற்றிவிட்டு அடக்கங்களை விட்டிருந்தார்கள். கூடத்தில் மாட்டியதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். இது அபூர்வமாக நடக்கிற தவறும் இல்லை. குழந்தைகள் கொத்துக்கொத்தாகப் போன காலம், ஒரு பிள்ளை போனால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பதும் வழக்கம். அதனால் ஒருவரை உங்கள் மரத்தில் ஏற்றும் முன், அவர் வளர்ந்து ஆளானாரா என்று அடக்கப் பதிவில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று கட்டுரையில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

நிஜமான வில்லியம் கடைசியில் கிடைத்தது பதிவேட்டிலேயே இல்லை. 1662 சட்டப்படி ஓர் ஏழைக்கு எந்தப் பங்கு சோறு போட வேண்டும் என்பது அவன் ‘குடியுரிமை’ (எந்தப் பங்கு அவனைத் தன் ஆளாக ஏற்றாக வேண்டும் என்பது) எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உதவி கேட்டு வந்தவனை இரண்டு நீதிபதிகள் முன் நிறுத்தி, எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய் என்று விசாரித்து எழுதிக்கொள்வார்கள், ஆள் வேறு பங்கைச் சேர்ந்தவன் என்று தெரிந்தால் அங்கே அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட விசாரணைத் தாள் ஒன்றில், பதினோரு மைல் தள்ளி இன்னொரு பங்கில் பிறந்ததாகவும், கல்யாணமாகாத வயதில் ஒரு விவசாயியிடம் ஒரு வருஷம் முழுசாகக் கூலிக்கு இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். மனைவி பெயரும் மூன்று பிள்ளைகளின் பெயரும் வயதும் அப்படியே பொருந்துகின்றன. கீழே அதே பெருக்கல் குறி. வறுமைதான் அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுத வைத்திருக்கிறது. வசதியாக இருந்திருந்தால் ஒரு வரியோடு போயிருப்பார்.

இன்னும் சில விஷயங்கள். ஷேக்ஸ்பியரின் பிறந்த நாள் ஏப்ரல் 23 என்று ஸ்ட்ராட்ஃபோர்ட் பதிவேட்டில் இருப்பதாகக் கட்டுரை சொன்னது. இல்லை ஐயா. அங்கே இருப்பது 1564 ஏப்ரல் 26, அது ஞானஸ்நானம் கொடுத்த நாள். வில்லியம் என்றுகூட இருக்காது, லத்தீனில் ‘குலியெல்முஸ்’ என்று இருக்கும்.

1538 என்பதும் அப்படித்தான். அந்த வருஷம் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டது உண்மை, ஞாயிறுதோறும் எழுத வேண்டும், ஏட்டை இரட்டைப் பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும், தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். ஆனால் பலரும் காகிதத்தில் எழுதினார்கள், அது நைந்து போயிற்று. 1598-இல் எல்லாவற்றையும் தோலில் படியெடுக்கச் சொன்னபோது, முக்கியமாக முதலாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்த 1558-இலிருந்து என்று ஒரு சலுகை வார்த்தை சேர்த்துவிட்டார்கள். நகல் எடுப்பவருக்கு அது போதாதா? நிறைய ஏடுகள் 1558-இல்தான் தொடங்குகின்றன. உள்நாட்டுப் போர்க் காலத்திலும் அதற்குப் பிந்திய குடியரசுக் காலத்திலும் பல ஊர்களில் பெரிய ஓட்டை.

வருஷக் கணக்கைச் சொல்லாமல் விட்டதுதான் பெரிய ஆபத்து. 1752-க்கு முன் இங்கிலாந்தில் புது வருஷம் மார்ச் 25-இல் பிறந்தது. 1720 ஜூனில் கல்யாணம், 1720 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால் அவசரப்பட்டு அந்தப் பெண்மேல் பழி போட வேண்டாம், அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721. (எட்டு மாதம்தானே ஆகிறது என்று கேட்டால், அது அவர்கள் பாடு.)

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால் ஒரு பழைய பக்கத்தின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள், எழுத்து எப்படி இருக்கும், எதை எதோடு குழப்பிக்கொள்ள முடியும் என்று வாசகர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் மரம் இப்போது வில்லியத்தோடு நிற்கிறது. அவர் பிறந்ததாகச் சொன்ன பங்கில் ஒரே சமயத்தில் இரண்டு ஜான்கள், இரண்டு பேர் மனைவியும் மேரி, இரண்டு வீட்டிலும் ஒரு வில்லியம். இந்தத் தடவை இரண்டு ஜானையும் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்