ஈப்போவிலிருந்து அண்ணாவுக்கு

ஈப்போ, மலாயா, 20.1.1956

அன்புள்ள அண்ணாவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் சுகத்துக்குப் பதில் போடவும். பொங்கலுக்கு அனுப்பிய ஐம்பது மலாயா வெள்ளிப் பணம் கைக்கு வந்ததா?

"சினிமா காட்டுகிறாயாமே, அது என்ன உத்தியோகம்?" என்று கேட்டிருந்தீர்கள். இங்குள்ள வெள்ளைக்கார சர்க்காரின் பிரசாரப் படவண்டியில் ஜெனரேட்டர் பார்க்கிறேன். நம்மவர்கள் வேலை செய்யும் ரப்பர் தோட்டத்துக்குப் போனால் படம் தமிழில் ஓடும், சீனர்களின் புதுக்கிராமத்துக்குப் போனால் சீனத்தில். காட்டோரம் பயிர் செய்துகொண்டிருந்த சீனர்கள் சுமார் ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்து முள்வேலிக்குள் குடிவைத்திருக்கிறார்கள், காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாதென்று. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களை விடியற்காலையில் வாசலிலேயே சோதிக்கிறார்கள். மீன் டப்பா வாங்கினால் கடைக்காரரே அதில் பொத்தல் போட்டுத்தான் கொடுப்பார். அன்றே தின்றாக வேண்டும், காட்டுக்குச் சேர்த்து வைக்க முடியாது.

காட்டில் பெரும்பாலும் சீனர்கள், நம்மவர்களும் கொஞ்சம். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த மலாயாத் தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்ட செய்தி வந்தபோது நம் திண்ணையில் எத்தனை நாள் பேசினோம்!

பிரசாரம் ஒரே சர்க்காரின் வேலையில்லை அண்ணா. கோலாலம்பூரில் மலாயன் ஃபிலிம் யூனிட் எடுக்கும் படங்களோடு அமெரிக்கத் தகவல் இலாகாவின் சரக்கும் வருகிறது. ஹாங்காங்கில் அவர்கள் போடும் சீனப் பத்திரிகையின் அட்டையில் சினிமா நடிகை இருப்பாள், உள்ளே கதையும் செஞ்சீனத்தைப் பற்றிய கண்டனமும். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே மனசு என்று சொல்ல முடியாது. இங்கிலாந்து 1950 ஜனவரியிலேயே பீக்கிங்கிலுள்ள செஞ்சீன சர்க்காரை ஒப்புக்கொண்டது. அமெரிக்கா இன்னும் தைவானிலுள்ள சியாங் கை-ஷேக்கைத்தான் சீனா என்கிறது. தைவானைப் புகழும் சங்கதி வெள்ளைக்காரர்களுக்கு இங்கே பிடிப்பதில்லை. மலாயாச் சீனன் மலாயாவை நினைக்க வேண்டும், இன்னொரு சீனாவைக் காட்டி என்ன பயன் என்கிறார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. இங்கேயே பிறந்த பிள்ளையிடம் இரண்டு சீனாவில் ஒன்றைப் பொறுக்கு என்றால் அவன் என்ன செய்வான்?

ஒன்று சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு புதுக்கிராமம். போன செப்டம்பரில் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், காட்டிலிருந்து வந்து சரணடைபவர்களுக்கு மன்னிப்பு அறிவித்த பிறகு, சரணடைந்தவர்கள் வரிசையாக நிற்கும் படம் போட்ட துண்டுப் பிரசுரம் கொடுத்தோம். படம் முடிந்து கூட்டம் கலைந்தும் ஒரு கிழவி போகவில்லை. புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு முகமாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு போனாள். கடைசி முகம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எங்கள் சீன மொழிபெயர்ப்பாளர் விசாரித்தார். மகன் காட்டுக்குப் போய் ஆறு வருஷமாம். விமானத்திலிருந்து ஒலிபெருக்கியில் கூப்பிடும்போது அவன் பெயரையும் சேர்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாளாம். அவர் பெயரை எழுதி மேலே கொடுத்தார். பதில் இல்லை.

டிசம்பர் 28, 29ல் பாலிங்கில் துங்குவும் காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளின் தலைவர் சின் பெங்கும் நேருக்கு நேர் பேசினார்கள். நாங்கள் ரேடியோவை விட்டு நகரவில்லை. சரணடைய முடியாது என்று சொல்லி சின் பெங் காட்டுக்கே திரும்பிவிட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, அந்தக் கிழவிதான் நினைவில்.

திங்கட்கிழமை அந்தக் கிராமத்துக்கு மறுபடி போகிறோம். புதுப் பிரசுரக் கட்டு வந்திருக்கிறது. முகங்கள் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன். வெறும் எழுத்துதான்.

அம்மாவின் இருமலுக்கு வைத்தியரிடம் காட்டுங்கள், பணம் அனுப்புகிறேன்.

உங்கள் அன்புத் தம்பி