பத்தர் ஐயாவுக்கும் எங்களோடு நின்ற எல்லோருக்கும்

தம்பி வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. அம்மாவின் சங்கிலியைத் திருட்டு நகை என்று சொல்லி அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி எழுதத் தெம்பில்லை. நள்ளிரவிலும் போனை எடுத்த வக்கீல் சார், ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமா, அம்மாவுக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்த மாடிவீட்டு அக்கா, தம்பியின் கூட்டாளிகள், எல்லோர் வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்வேன். இந்த மடல் பெரும்பாலும் ஒருவருக்கானது.

மதுரை தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஐயாவை நாங்கள் கூப்பிடவே இல்லை. யாரோ அனுப்பிய சங்கிலிப் படம் அவர் போனுக்கும் போயிருக்கிறது. எழுபதைத் தாண்டியவர், தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து நின்றார். கையில் அட்டை கிழிந்த 2009-ஆம் வருஷத்து நோட்டு. "கொக்கியிலேருந்து மூணாவது கண்ணியைப் பாருங்க சார், பத்த வெச்ச இடம் லேசா தடிச்சிருக்கும். என் கைவேலை. இந்தப் பையனோட அம்மாதான் கொண்டாந்தாங்க." நோட்டில் அம்மா பெயர், தேதி, எடை எல்லாம் இருந்தன. தன் லென்ஸையே நீட்டிப் பார்க்கச் சொன்னார். அதுவரை அந்தச் சங்கிலியை ஒருவரும் உற்றுப் பார்த்ததில்லை.

வெளியே டீக்கடையில், ஏன் வந்தீர்கள் ஐயா என்று கேட்டேன். சின்ன வயதில் பள்ளியில் சிலப்பதிகாரம் நடத்தியபோது, பொற்கொல்லன் பொய் சொல்லும் இடம் வந்ததும் வகுப்பே திரும்பி அவரைப் பார்த்ததாம். "அந்தப் பார்வை இன்னும் முதுகுல உறுத்துதும்மா" என்றார்.

'தேரா மன்னா' என்றால் 'ஆராயாத மன்னனே' என்று எழுதி மார்க் வாங்கியவள் நான். அதன் பொருள் இந்த மூன்று வாரத்தில்தான் உறைத்தது. பாண்டியன் கொடியவன் இல்லை. ஊடிய தேவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். சிலம்பை உடைத்திருந்தால் உள்ளே முத்தா மாணிக்கமா என்று தெரிந்திருக்கும். உடைத்தார்கள், கோவலன் வெட்டுப்பட்ட பிறகு. தம்பி படத்துக்குக் கீழே 'திருடன்' என்று போட்டு அனுப்பியவர்களும் கொடியவர்கள் இல்லை. எங்கள் தெருக்காரர்கள்.

அந்தக் காப்பியத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு யாரும் நிறுத்திச் சொல்லித் தந்ததில்லை. ஒருவன் சொன்ன பொய்க்காக, கொற்கையில் இருந்த அடுத்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலி கொடுத்தான். "அந்த ஆயிரம் பேரையும் யாரும் விசாரிக்கலையேம்மா" என்றார் பத்தர் ஐயா, டம்ளரைக் கீழே வைத்தபடி. எனக்குப் பதில் வரவில்லை.

போன வருஷம் ஒரு பையனின் படத்தை நானும் பத்து பேருக்கு அனுப்பினேன். அவன் யார், என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. இனி தீர விசாரிக்காமல் யார் படமும் என் கையிலிருந்து போகாது. தம்பி தலைமேல் சத்தியம்.

ஐயா ஆட்டோக் காசுகூட வாங்கவில்லை. சங்கிலி கைக்கு வந்ததும் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது கண்ணியைத் தடம் தெரியாமல் சரிசெய்து தருகிறாராம். வேண்டாம், அந்தத் தடிப்பு அப்படியே இருக்கட்டும் என்கிறார் அம்மா.