முதலில் பள்ளியைத் திறக்க வையுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பின் பேரிடர் நிவாரணக் குழு ஒன்றில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் பொறுமைக்கு ஏற்ற பணி அது. நாங்கள் அனைவரும் நலம். நானும் இவ்வாண்டோடு ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். குழந்தைகளுக்கென்று முதலில் எதைச் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உணவும் நல்ல தண்ணீரும் கிடைத்தவுடன் பள்ளியைத் திறக்க வையுங்கள் என்பேன்.

வெள்ளமோ புயலோ வந்தால் பள்ளிக் கட்டடமே முகாமாகிறது. வீடிழந்தவர்களுக்குக் கூரை வேண்டும் என்பதால் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால், நீர் வடிந்து பல வாரங்களாகியும் வகுப்புகள் தொடங்காதபோது, ஏழைக் குழந்தைக்குப் பாடத்தோடு பள்ளியில் கிடைத்துவந்த உணவும், நாள்தோறும் அதன் முகம் பார்த்து நலம் விசாரிக்கும் ஒரு பெரியவரின் துணையும் சேர்ந்தே போய்விடுகின்றன. பிழைப்பை இழந்த குடும்பம் மகனை வேலைக்கு அனுப்புகிறது. மகளுக்கு வயது வருமுன்பே மணம் பேசுகிறது. இப்படிப் போனவர்களில் பலர் வகுப்புக்குத் திரும்புவதே இல்லை.

2022இல் பாகிஸ்தான் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஏறக்குறைய 3.3 கோடிப் பேரில் சுமார் பாதிப்பேர் குழந்தைகள். அசுத்த நீரால் வரும் வயிற்றுப்போக்கை நன்றாக உண்டு வளர்ந்த குழந்தை தாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே ஊட்டம் குறைந்த குழந்தையை அதே நோய் கொன்றுவிடக்கூடும். உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் உங்கள் குழுவிடம் எப்போதும் இருக்கட்டும்.

வெப்ப அலையையும் பேரிடராகவே கருதுங்கள். 2024இல் 85 நாடுகளில் ஏறத்தாழ 24.2 கோடி மாணவர்களின் படிப்பு கடும் வானிலையால் தடைப்பட்டதாக யுனிசெஃப் கணக்கிட்டது. அதற்கு முதன்மைக் காரணம் வெப்ப அலைகளே. வெப்பம் சுவரை இடிப்பதில்லை என்பதாலோ என்னவோ, அதற்கு நிவாரணம் கேட்பாரும் குறைவு. தாகத்தைச் சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறென்ன?

கணக்கெடுக்கச் செல்லும்போது குடும்பத் தலைவரின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயர், வயது, வகுப்பு, உடற்குறை இருந்தால் அதற்கேற்ற தேவை, பிறப்புச் சான்றிதழ் தப்பியதா என்பது வரை எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி திறந்தபின் வராமற்போனவர் யார் என்பதை அந்தப் பட்டியலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இந்தக் கணக்கெடுப்புக்கான படிவத்தைத் தயாரித்ததும் எனக்கு அனுப்புங்கள்; விடுபட்டவற்றைச் சேர்த்து உடனே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்