பதிவேட்டில் உன் வரிசை

அன்பு மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அக்கா வீட்டாரும் நலம். நீயும் கவிதாவும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்றால் நீ "மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுகிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. பழைய முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். வீடு மாறியிருந்தால் தபால் திரும்பி வந்துவிடும். அதுவும் எனக்கு ஒரு தகவல்தான்.

வேளைக்குச் சாப்பிடு. வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு வேறு கிடைக்கும், வயிறு ஒன்றுதான். போன தடவை வந்தபோது உன் சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துச் செய்தி நிறைய இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு எனக்குத்தான். பசுமைப் படைப் பிள்ளைகளைத் தலைமையாசிரியை என்னிடம் ஒப்படைத்துவிடுகிறார். இரண்டு பேருக்கு ஒரு மரம். வாரம் தவறாமல் அதே மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து எழுத வேண்டும்: தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, மலர்ந்த பூ, காய், பழம். ஒவ்வொன்றுக்கும் நேராக 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்ற மூன்றில் ஒன்று. இது என் கண்டுபிடிப்பு இல்லை. சீசன்வாட்ச் என்ற திட்டத்துக்காக 2010-லிருந்து நாடு முழுவதும் இப்படித்தான் எழுதுகிறார்கள். கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் இதில் நம்மைவிட வெகுதூரம் முன்னால் இருக்கின்றன. செங்கோட்டையைத் தாண்டினால் பிள்ளைகள் பலாவுக்கும் கொன்றைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் சொன்னால், மார்க் உண்டா என்று கேட்கிறார்கள்.

அடிபம்புக்குப் பக்கத்து வேம்பு மாடசாமியுடையது. ஆடியில் கிளை கொள்ளாமல் பழம். 'நிறைய' என்று எழுதினான். அடுத்த வாரம் மைனாக்கள் பாதியைத் தின்றுவிட்டன, மீதி கீழே உதிர்ந்து கிடந்தது. வேப்பமுத்து பொறுக்க வந்த ஆச்சிமார் சாக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். "கீழே கிடப்பதையும் சேர்த்தால் நிறையதானே டீச்சர்?" என்று மல்லுக்கு நின்றான். மரத்தில் இருப்பதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று புரியவைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. எதிரே கொன்றையில் காய் முழங்கை நீளத்துக்குப் பச்சையாகத் தொங்குகிறது. இந்த வருடம் அது மாசி கடைசியிலேயே மொட்டு விட்டது. விஷுவுக்கு முன்னாலேயே பூ கொட்டிவிடுகிறது என்று கேரளத்தில் பல வருடமாகச் சொல்கிறார்கள், பத்திரிகையிலும் எழுதுகிறார்கள். உடனே ஒரு பிள்ளை 'வெயில் கூடியதால்' என்று எழுதப் போனது. அடித்துவிடச் சொன்னேன். ஒரு மரத்தை ஒரு வருடம் பார்த்துவிட்டுக் காரணம் எழுதக் கூடாது. பார்த்ததை எழுது, காரணத்தைப் பத்து வருடம் கழித்து வருகிறவர்கள் எழுதட்டும்.

உன் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை 'இன்று காலை, நம் பால்கனி' என்று அனுப்பினாயே, அது. எவ்வளவு நாள் கழித்து அனுப்பியிருக்கிறான் என்ற சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை வகுப்பில் போனைச் சுற்றுக்கு விட்டுவிட்டேன். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் உன் பெயரில் 'பெங்களூர்' என்று ஒரு வரிசை இருக்கிறது, தெரியுமல்லவா? பங்குனியில் நீ அனுப்பிய ஜகரண்டாப் படத்தைத் தென்காசியில் பிரிண்ட் போட்டு அதில் ஒட்டி, 'பூ: நிறைய' என்று எழுதி வைத்திருக்கிறோம். எட்டாம் வகுப்பு இசக்கியம்மாள் போனையும் பார்த்தாள், ஒட்டியிருந்ததையும் பார்த்தாள். "டீச்சர், இது பங்குனிப் பூ ஆயிற்றே, ஆவணியில் எப்படி?" என்றாள்.

அது தென் அமெரிக்க மரம், ஒரு கிளை எப்போதாவது தப்பிப் பூக்கும், பெங்களூர் குளிர்ந்த ஊர் என்று ஏதேதோ சொன்னேன். ஒரு கிளை பூக்கும், மரமே நீலமாக நிற்குமா? லால்பாக்குக்கு எங்களை அழைத்துப் போனபோது நீதானே சொன்னாய்? கிரும்பிகல் என்ற ஜெர்மன்காரர் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட காலத்தில், ஒன்று பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கும்படி தெருத்தெருவாக மரம் வைத்தார் என்று. அந்த வரிசையில் ஜகரண்டாவின் முறை எப்போது என்பது எனக்குத் தெரியும். கேட்டுக் கேட்டு உன்னிடமிருந்து தெரிந்துகொண்டதுதான்.

மாடசாமி ஒரு படி மேலே போய், "துணி கூட அதே துணி டீச்சர்" என்றான். கொடியில் கவிதாவின் பச்சைத் துப்பட்டா. ஒரு முனை மட்டும் கிளிப்பில் மாட்டி, மறு முனை கம்பியில் சுருண்டு கிடக்கிறது. இரண்டு படத்திலும் அப்படியே. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். "அப்படியென்றால் எழுதவா, வேண்டாமா?" என்று பேனாவோடு நின்றவனிடம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் எதையும் கேட்கவில்லை, செந்தில். கவிதாவுக்கு வரலட்சுமி நோன்பு அன்று இரண்டு முறை கூப்பிட்டேன். அவளுக்கும் வேலை இருக்கும். அவள் அம்மா கடைத்தெருவில் பார்த்தபோது "நல்லா இருக்கீங்களா மதினி" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். வெயில் அப்படி. உன் அத்தை கேட்டதற்கு, அவன் பெரிய கம்பெனியில் இருக்கிறான், மூச்சுவிட நேரமில்லை என்று சொன்னேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் இந்தத் தெருவில் முதல் இன்ஜினியர் நீதான், அதை யாராலும் மாற்ற முடியாது. வேளைக்குச் சாப்பிடு.

பிள்ளைகளுக்கு நான் எதில் ரொம்பக் கண்டிப்பு தெரியுமா? வெற்றுக் கட்டத்தில். பூ இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். ஒன்றும் எழுதாமல் விட்டால், பூக்கவில்லையா, பார்க்கவே போகவில்லையா, அன்றைக்குக் காய்ச்சலா என்று எப்படித் தெரியும்? ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் செர்ரி பூத்த நாளை ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள். 2021-இல் மார்ச் 26-ஆம் தேதியே முழுதாகப் பூத்தது, அதுவரையிலான ஆயிரத்து இருநூறு ஆண்டுக் கணக்கில் அவ்வளவு முன்கூட்டிப் பூத்ததே இல்லை என்று சொல்ல முடிந்தது அதனால்தான். அதிலும் நடுவில் எத்தனையோ வருடங்களுக்குக் குறிப்பே கிடையாது. அந்த வருடங்களிலும் பூத்துத்தான் இருக்கும். எப்போது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஸ்கேலை ஒட்டி மொட்டைமாடியில் வைத்து மழை அளந்தவன் நீ. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சாரல் நின்ற பிறகு புரட்டாசி முழுவதும் பார்த்தால் சைபர், சைபர், சைபர். ஒரு நாள் விடவில்லை. மழையே இல்லாதபோது எதற்கடா எழுதுகிறாய் என்று உன் அப்பா கேட்டதற்கு, "மழை இல்லை என்பதைத்தான் எழுதுகிறேன்" என்று சொன்னாய். அவர் அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அப்பா என்றதும் பஞ்சாலை மூடிய வருடம் ஞாபகம் வருகிறது. நீ சின்னப் பையன், ஆனால் உனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்தாய். தீபாவளி வரைக்கும் அவர் காலையில் எட்டு மணிக்கு டிபன் கேரியரோடு கிளம்பினார், நானும் கட்டிக் கொடுத்தேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டாராம். கேரியரைப் பரணிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். யாருக்கும் அது வேண்டாம். கிடக்கட்டும்.

குற்றாலத்தில் சீசன் முடிகிற கட்டம். கணவாய்க் காற்று தணிந்துவிட்டது, வாழை இனிப் பிழைத்துக்கொள்ளும். பனம்பழம் விழ ஆரம்பித்துவிட்டது. மயில்கள் தோகையை உதிர்க்கிற நேரம், பிள்ளைகள் தோட்டங்களில் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். எந்தத் தோட்டம், என்ன தேதி என்று சொன்னால்தான் வாங்கி வைப்பேன். ஓடைப் பாலத்துக்குக் கீழே உன் வாலாட்டிக் குருவி வந்துவிட்டது. இமயமலைப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவ்வளவு தூரம் பறந்தும் வருடா வருடம் வந்துவிடுகிறது, பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் இருக்கிறது. குத்திக்காட்டவில்லை, சும்மா சொல்கிறேன்.

வருவதானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். தனியாக வந்தாலும் சரி, இரண்டு பேரும் வந்தாலும் சரி. அரிசி இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது, மாடி அறையில் புது ஃபேன் மாட்டியிருக்கிறேன். யாராவது கேட்டால் பசுமைப் படைக்கு உதவி செய்ய வந்திருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையிலேயே உதவி வேண்டும். அந்தச் சீசன்வாட்ச் கணக்கை போனில் ஏற்ற எனக்குக் கண் தெரியவில்லை.

உன் வரிசையில் ஆவணிக் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அடுத்த வெள்ளிக்குள் ஒரே ஒரு மரத்தைப் பார்த்து எழுதி அனுப்பு. ஜகரண்டாதான் வேண்டும் என்றில்லை, கண்ணில் படுகிற எந்த மரமானாலும் போதும். பூ இல்லையென்றால் 'இல்லை' என்று போடு, காய் இல்லையென்றால் அதையும் போடு. மரம் பெங்களூரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த ஊர் என்பதை மட்டும் மேலே சரியாக எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். பென்ஷன் அரியர் வந்தது. அக்காவிடம் சொல்லாதே, அவள் ஃபிரிட்ஜ் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.